நான்காவது தட்டு

'வருகிற ஆள் ஏமாற்றுக்காரராக இருந்துவிட்டால் தேவலை.'

விடிந்ததிலிருந்து ராமலட்சுமிக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு நினைப்புதான். ஏமாற்றுகிறவர் என்றால் பேரம் பேசலாம். முகத்தை முறித்து அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடலாம். நியாயமான மனுஷராக வந்து, எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து, 'இது இவ்வளவுதாம்மா பெறும்' என்று சொல்லிவிட்டால்? அப்புறம் யாரை நோவது?

நினைப்பு ஒரு பக்கம் ஓட, கை ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தது. தார்க்குச்சியில் பச்சை நூல் ஏறி ஏறிப் பருத்தது.

அவள் புருஷன் கருணாகரன் போன சித்திரையில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். நெசவாளர் வீட்டில் பிறந்து, தறியில் உட்காராமல், மதுரை மெல்லிசைக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசித்துப் பிழைத்தவன். பிள்ளை இல்லை. அவன் விட்டுப்போனது என்று பார்த்தால் பளபளக்கும் இரண்டு மேடைச் சட்டைகளும் இந்த டிரம் செட்டும்தான். மதுரை ரயில்வே காலனியில் அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர், அறுபத்து மூன்றில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது, விற்க மனமில்லாமல் அவனிடம் விட்டுப்போனது அது.

இப்போது அது விலையாகி, தறியாக மாற வேண்டும்.

போன வாரம்தான் கூடத்தின் கிழக்கு மூலையில் அவளுக்கென்று தறிக்குழி வெட்டியாகிவிட்டது. "குழி என் செலவு. தறி உன் செலவு," என்று சொல்லியிருந்தார் கருணாகரனின் அண்ணன் சென்னகேசவன். கறாரான மனுஷர், ஆனால் கெட்டவர் இல்லை. சொந்தத் தறி இருந்தால் நெசவாளர் சங்கத்தில் அவள் பேரிலேயே சேரலாம். அவள் நெய்கிற சேலைக்குக் கூலி அவள் கைக்கு வரும். தறி இல்லையென்றால் தை பிறந்ததும் திருச்சுழியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்துவிடுவான். பெட்டியோடு கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். அங்கே போனால் அண்ணன் பெண்டாட்டியின் அடுப்படி. அந்த அடுப்படியை அவளுக்குத் தெரியும்.

மார்கழி பிறந்து பாதியாகிவிட்டது.

தெருவில் பாவு நூல் நீட்டியிருந்தார்கள். வெயில் ஏறுமுன் கஞ்சி உலர வேண்டும் என்று ஆளாளுக்குப் பறந்துகொண்டிருந்த நேரத்தில், பாவுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடைவெளியில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தார் காளிராஜ்.

"அண்ணாச்சி, உங்க தெருவுக்குள்ள வாரதுக்கு சர்க்கஸ்ல சேந்துட்டுல்ல வரணும்," என்றார், வாசலில் நின்ற சென்னகேசவனைப் பார்த்து.

காளிராஜ் முன்பு கருணாகரனின் குழுவில் பாங்கோ வாசித்தவர். இப்போது மதுரையில் பழைய வாத்தியங்களைப் பழுது பார்த்து, வாங்கி விற்கிறார். சென்னையில் ஒரு ஹோட்டல் வாத்தியக் குழுவுக்குப் பழைய இங்கிலீஷ் செட் வேண்டுமாம். அவருக்குத் தரகு, அவ்வளவுதான். கன்னத்தில் அம்மைத் தழும்பும் சிரித்த முகமுமாக இருந்தார். ராமலட்சுமி ஒரு பார்வையில் தெரிந்துகொண்டாள். ஏமாற்றுகிற ஆள் இல்லை.

செட்டின் மேல் மூடியிருந்த பழைய சேலையை லிங்கம்மாள் உருவினாள். அவள் சென்னகேசவனின் மனைவி. பெரிய டிரம்மின் மேல் அவள் அடுக்கியிருந்த சாய நூல் சிட்டங்களை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, "இத்தனை நாளா எனக்கு மேசையா இருந்துச்சு," என்றாள். "இதைக் காலாலயா மிதிச்சு அடிப்பாக?"

"ஆமா மதினி. கீழ மிதி இருக்கு பாருங்க."

"தறிக்கும் மிதி, இதுக்கும் மிதி. இங்கயே உக்காந்து மிதிச்சிருந்தா வீட்டுச் சோறாவது தின்னுருப்பாரு."

காளிராஜ் சிரித்தார். ராமலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். டிரம்மைத் தட்டிப் பார்க்கவே இல்லை. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு சாவியால் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தோலை எடுத்துவிட்டு, உள்ளே கைவிட்டுத் தடவினார்.

"மெல்லிசு மெல்லிசா பலகைய ஒட்டி வளைச்சிருக்கான். ஓரத்துல வலுவுக்கு ஒரு வளையம். இது நம்ம ஊர் வேலையில்ல," என்றார். சின்ன டிரம்மின் பக்கவாட்டில் இருந்த பித்தளை வில்லையைத் துணியால் துடைத்தார். நடுவில் காற்றுப் போக ஓட்டை. ஓட்டையைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்து, அடியில் எண். "கம்பெனி வில்லை அசல். எண்ணப் பாத்தா யுத்தத்துக்கு முந்தினது."

டிரம்மைச் சுற்றி ஒட்டியிருந்த முத்துச்சிப்பித் தாள் பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஒரு பிடிப்பைக் கழற்றினார். அதன் அடியில், வெளிச்சம் படாத இடத்தில், தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி, கல்யாணத்தன்னைக்கு இருந்த நிறம்," என்றார்.

சென்னகேசவன் குனிந்து பார்த்துவிட்டு ராமலட்சுமியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தறி முழுசாக வந்து குழியில் இறங்கிவிட்டது.

இரண்டு திருகாணி உள்ளூர்ச் சரக்கு. ஒரு தோல் பங்குனி வெயிலில் வெடித்திருந்தது. "போகட்டும். இப்பத்தான் பிளாஸ்டிக் தோல் வருதே," என்றார் காளிராஜ். இதுவரை எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது.

"அடிக்கிற வெங்கலத் தட்டெல்லாம் எங்க?"

ராமலட்சுமி உள்ளே போய் மூன்று தட்டுகளையும் எடுத்துவந்தாள். துணி சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஜோடியாக இரண்டு, தனியாக ஒன்று. துணியைப் பிரித்ததும் கூடத்துச் சுவரில் மூன்று வெளிச்ச வட்டங்கள் விழுந்து ஆடின. லிங்கம்மாளின் மூக்குத்திகூடத் தட்டில் தெரிந்தது.

காளிராஜின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். திருப்பினார். பெருவிரலால் நடுமுண்டின் ஓரமாக மெல்லத் தடவினார். "கொஞ்சம் மாவு கிடைக்குமா தங்கச்சி?"

பாவுக் கஞ்சிக்கு வைத்திருந்த மாவிலிருந்து ஒரு கை கொண்டுவந்தாள். அவர் அதைத் தட்டின் மேல் தூவி, உள்ளங்கையால் பரப்பி, ஊதினார். பள்ளம் இருந்தால் மாவு தங்கும். ஒரு தட்டில் பிறை மாதிரி ஒரு கீற்று தங்கியது. மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை.

"முத்திரை இருந்த இடம் இது. மவுசுள்ள துருக்கித் தட்டுன்னா கம்பெனி பேர இங்க அடிச்சிருப்பான். இப்ப இல்ல. கடைசல் கோடுகூட மழுங்கிப்போச்சு," என்றார். "சத்தம் கெடல. ஆனா முத்திரை இல்லாட்டி, துருக்கியோ கும்பகோணமோ, யாருக்குத் தெரியும்? வெங்கல விலைதான் குடுப்பான்."

சென்னகேசவன் சட்டென்று கன்னடத்துக்கு மாறினார். வீட்டுக்குள் அவர்கள் பேச்சு கன்னடம். வெளியாள் இருக்கும்போது தமிழ். வெளியாளுக்குப் புரியக் கூடாதென்றால் மறுபடி கன்னடம். இது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான்.

"வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொல். கார்டு வீட்டிலேயே தேய்ந்து வந்தது என்று சொல்," என்றார், வெற்றிலை எடுத்துவரச் சொல்கிற குரலில்.

ராமலட்சுமி தமிழில் பதில் சொன்னாள்.

"நான்தான் தேய்ச்சேன்."

அவள் தட்டில் ஒட்டியிருந்த மாவைத் துணியால் துடைத்தாள்.

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு. புளியும் செங்கப்பொடியும் போட்டு."

காளிராஜ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தே விட்டார். "தெரியுமே தங்கச்சி! எங்க குழுவுல அது பெரிய சிரிப்புல்ல. தட்டு கொஞ்சம் கணீர்னு தூக்கலா விழுந்தா, 'என்ன கருணா, வீட்டுல புளி மிச்சமா'ம்பாக. அவனும் சிரிப்பான். மேடையிலயே ஒரு தடவை..."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "சும்மா, வேடிக்கைக்குத்தான்," என்றார் மெல்ல.

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து, திரும்ப மடித்தாள்.

கல்யாணமான வருஷம் முதல் ஆயுத பூஜை. தறிச் சாமான்களை எல்லாரும் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய தட்டுகள் மட்டும் பழுப்பேறி, யாரும் தொடாமல் ஓரமாகக் கிடந்தன. பார்க்கப் பாவமாக இருந்தது. தொழில் செய்கிற சாமான்தானே, இதற்கும் பூஜை உண்டு அல்லவா என்று எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஒரு பொழுது முழுக்கத் தேய்த்தாள். குலசாமி சௌடம்மன் படத்துக்கு முன்னால் நாடா, அச்சு, தார்க்குச்சிகளோடு அவற்றையும் வைத்துக் குங்குமம் இட்டாள். அவன் வந்தான். ஒன்றை எடுத்தான். அதில் தன் முகத்தைப் பார்த்தான்.

"நல்லாருக்கு," என்றான்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பத்து ஆயுத பூஜை தேய்த்திருக்கிறாள். இந்த வருஷம், அவன் இல்லாத முதல் வருஷம், விரல் நுனி எரிய எரியத் தேய்த்தாள். அவனுக்குச் செய்கிற கடைசி வேலை மாதிரி.

'வேண்டாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேனா?'

இரக்கப்பட்டு விட்டானா? பெண்டாட்டி ஆசையாகச் செய்கிறாள், எதற்குக் கெடுப்பானேன் என்று? இல்லை, இவளிடம் சொல்லி விளங்கவைக்க முடியாது என்று நினைத்தானா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம்தான். உள்ளே எது இருந்தது என்று இனிமேல் யாரிடம் கேட்பது? ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்த விஷயத்தைத் தன்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறான். சிரித்தது வலிக்கவில்லை. அந்தச் சிரிப்பில் தன்னையும் ஒரு நாள் சேர்த்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் நெஞ்சில் நின்றது.

"ஆமா, பெரிய தட்டு எங்க?" என்றார் காளிராஜ், பேச்சை மாற்றுகிறவர் போல.

"எது?"

"நாலாவது. இத்தாம் பெருசு, கருப்பா, தோசைக்கல்லு மாதிரி. அதுல முத்திரை அப்படியே இருக்கும். நான் கையால தொட்டிருக்கேன். செட்டோட உயிரே அதுதான்."

ராமலட்சுமி லிங்கம்மாளைப் பார்த்தாள். லிங்கம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். இந்த வீட்டுக்குள் நாலாவது தட்டு என்று ஒன்று வந்ததே இல்லை.

காளிராஜ் தலையைச் சொறிந்தார். சொல்லிவிட்டோமே என்று அவருக்கு இருந்தது. ஆனால் சொன்ன பிறகு பாதியில் விட முடியாது.

"அப்ப அது மல்லாங்கிணத்துலதான் இருக்கு. எங்க குழுவுல பாடுவாங்கல்ல, கோகிலாம்பாள் அக்கா. அவுக வீட்டுக்காரர் ராஜகுரு ஆர்மோனியம். அங்க பலசரக்குக் கடை வச்சிருக்காக. கடைக்கு உள் அறையில ஆணியில தொங்கும். கருணா கச்சேரிக்கு வரும்போது அங்க எறங்கி எடுத்துட்டு வருவான். முடிஞ்சதும் அங்கயே குடுத்துட்டுப் போவான்."

"ஏன்?" என்றார் சென்னகேசவன்.

காளிராஜின் கண் அவள் தேய்த்த தட்டுகளின் பக்கம் போனது. சுவரில் ஆடிக்கொண்டிருந்த வெளிச்ச வட்டங்களை எல்லாரும் பார்த்தார்கள்.

மதுரைக்குப் போக மல்லாங்கிணறு சுற்றுவழி. கச்சேரி அன்றைக்கு அவன் எப்போதும் அரை நாள் முந்தியே கிளம்பிவிடுவான். ஒத்திகை இருக்கிறது என்பான். அவள் அவசர அவசரமாகச் சோறு பொங்கி, தூக்குவாளியில் போட்டுக் கொடுத்து அனுப்புவாள். அந்த அரை நாளுக்கு இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குக் கணக்குச் சரியாகிவிட்டது.

"விலையச் சொல்லிருங்க," என்றார் சென்னகேசவன்.

"உள்ளதைச் சொல்றேன் அண்ணாச்சி. இங்க இருக்கிற வரைக்கும் அறுநூறு. அந்தத் தட்டும் சேந்தா இன்னொரு அறுநூறு, கண்ண மூடிக்கிட்டு வாங்கித் தாரேன்."

அறுநூற்றில் தறி மரம் வரும். தச்சுக்கூலி போகும். அச்சு வராது, விழுது வராது, முதல் பாவுக்கு நூல் வராது. வெறும் மரத்தைக் குழியில் இறக்கி வைத்துக்கொண்டு சங்கத்துக்கு எழுதிப்போட முடியாது. அவள் மனசு இதை நூல் சுற்றுகிற வேகத்தில் கூட்டிக் கழித்து முடித்துவிட்டது.

"ராஜகுரு லேசுப்பட்ட ஆளில்ல," என்றார் காளிராஜ். "ஆம்பளைக போய்க் கேட்டா வெல பேச ஆரம்பிச்சுருவான். தங்கச்சி போனா வேற. சம்சாரம் வந்து கேக்கும்போது இல்லேன்னு சொல்ல முடியுமா? அந்த அக்காவும் போன மாசம் எங்கிட்டக் கேட்டாங்க, கருணா சம்சாரம் ஒரு தடவை வந்துட்டுப் போகக் கூடாதான்னு. ஏதோ சொல்லணுமாம்."

"என்ன சொல்லணுமாம்?" லிங்கம்மாள் முந்திக்கொண்டாள்.

"எங்கிட்ட சொல்லல மதினி. தங்கச்சிகிட்டதான் சொல்லணும்னாங்க."

சென்னகேசவன் மறுபடி கன்னடத்தில் பேசினார். இந்த முறை குரல் தணிந்திருந்தது. "நாளைக்கு முதல் பஸ்ஸில் போ. லிங்கம்மாள் துணைக்கு வருவாள். சண்டை போட வேண்டாம். வாசலில் போய் நில். கண்ணில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தைக்குள் தறி இறங்கிவிடும்."

லிங்கம்மாள் மடிச் சிட்டங்களைத் தரையில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கித்தான் பை ஒன்றை எடுத்துவந்தாள். நூல் மூட்டைக்கு வைத்திருக்கும் பெரிய பை. ராமலட்சுமியின் கையில் திணித்தாள். "இது கொள்ளுமாடீ? எதுக்கும் ஒரு கோணிச்சாக்கும் எடுத்துக்குவோம். அப்படி என்னதான் சொல்லணுமாம் அவளுக்கு, நானும் வந்து கேக்குறேன்."

ராமலட்சுமி பையோடு எழுந்து கிழக்கு மூலைக்குப் போனாள். குழிக்குள் பார்த்தாள். கரிசல் மண் வெட்டிய வாக்கிலேயே ஈரம் காய்ந்து கோடு கோடாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. உட்கார்ந்து கால் தொங்கவிட்டால் சரியாக அவள் உயரத்துக்கு இருக்கும். பாவா சென்னகேசவன் அளந்துதான் வெட்டியிருந்தார்.

மல்லாங்கிணற்றுக் கடை வாசலை நினைத்துப் பார்த்தாள். பருப்பு மூட்டைகளுக்கு நடுவே அவள் நிற்கிறாள். உள்ளேயிருந்து அந்த அம்மாள் வருகிறாள். 'இவள்தானா?' என்று பார்க்கிறாள். நல்ல பெண்ணாகவே இருக்கட்டும். கையைப் பிடித்துக்கொண்டு அழக்கூட அழட்டும். ஆணியிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும்போது ஏதோ சொல்வாள். அவன் சொன்னது. அவளிடம் சொன்னது. தன்னிடம் சொல்லாதது.

அவமானம் என்று நினைத்தால், அதைச் சகித்துக்கொண்டு போய்விடலாம். ஒரு தறிக்காகப் பொறுக்க முடியாத அவமானம் இல்லை அது. அவளுக்குள் கிடந்து உறுத்தியது வேறு.

இந்த வீட்டில் வைத்ததெல்லாம் அவளுக்கென்று அவன் வைத்தது. தேய்ந்தாலும் மழுங்கினாலும் அவள் கைக்கு விட்டுக்கொடுத்து வைத்தது. அந்தத் தட்டை அவள் கை படாத இடம் பார்த்து, சுற்றுவழி போய், தானே கொண்டுபோய் மாட்டினான். மறந்து விட்டுப்போனதில்லை. அவன் நினைத்துச் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று. அதை அவன் செத்த பிறகு பை கொண்டுபோய் வாங்கி வந்தால், அது சொத்து வாங்கியதாகுமா? அவன் பூட்டிய கதவைத் திறந்ததாகும். அந்த அம்மாள் சொல்வதையும் கேட்டுவிட்டால் 'நல்லாருக்கு' என்ற அந்த ஒரு சொல்லும் அவளுக்கு இல்லாமல் போகும். அது இரக்கமோ, சலிப்போ, இதுவரை இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. அப்படி நிற்கிற வரைக்கும் அது அவளுடையது.

திரும்பி வந்தாள். சென்னகேசவன் வேட்டி முடிச்சிலிருந்து பஸ் சார்ஜுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டிருந்தார். காளிராஜ் தோலை மறுபடி டிரம்மில் பொருத்தி, சாவியை ஒரே சீராகச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் கித்தான் பையை நான்காக மடித்தாள். லிங்கம்மாளின் அருகில், பச்சைச் சிட்டங்களின் மேல் வைத்தாள்.

"இங்க இருக்கிறதுக்கு அறுநூறுன்னா அறுநூறுக்கே பேசி முடிச்சிருங்க அண்ணே," என்றாள் தமிழில், இருவருக்கும் புரியும்படி. "அந்தத் தட்டு இந்த செட்டுல சேந்தது இல்ல."

"ராமலட்சுமி, குழி வெட்டியாச்சு," என்றார் சென்னகேசவன். அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். "தையில உங்க அண்ணன் வந்து நிப்பான். யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டேன் பாவா." குரல் உயரவில்லை. நீட்டிய சில்லறையை அவள் வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "குழி கிடக்கட்டும். மல்லாங்கிணத்துக்கு நான் போகலை."